விடைக்கேற்ற வினா

அளவையியல் கற்பிப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்வது எளிதன்று என்று எம் துணைவியார் சொல்வதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிலே எடுகூற்று, முடிவு, நியாயத்தொடை, போலி என்பவற்றையே எடுத்துரைத்து வந்தமையால், யாராவது கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றைக் கூறினால் எமது நா சும்மா இருப்பதில்லை. "கேட்டது அதுவன்று" என்று உடனே சொல்லிவிடும். ஒரு நாள் சந்தையிலே மீனின் விலையைக் கேட்டோம். "நல்ல மீன் ஐயா" என்றார் வியாபாரி. அவரிடமும் நாம் இதையே சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே விலையைக் கூட்டிச் சொன்னார். அளவையியலால் எமக்குக் கிடைத்த பயன் அன்று அவ்வளவுதான்.

இத்தகைய ஒருவருடைய வீட்டிலே, கேள்விக்கும் விடைக்கும் எவ்வகை உறவும் இல்லாத ஒரு நிகழ்ச்சி நுழைந்துவிட்டது. அதை அழைத்து வந்தவன் எம் மகன். சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, பெறுபேறு வரும்வரை செய்வதற்கு ஒன்றுமின்றி இருந்த காலம் அது. எமது வீடு உவர்மலைச் சரிவிலே உள்ளது. விறாந்தையில் இருந்தால் மரங்களுக்கிடையே உட்துறைமுகத்தின் நீர் ஒரு துண்டு தெரியும். மாலை வேளைகளில் எம் தந்தையார் அந்த விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்து அந்நீரைப் பார்த்திருப்பார். பேரன் அவர் காலடியில் அமர்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்திருப்பான்.

ஒரு மாலை அவன் விழுந்து விழுந்து சிரிக்கும் ஒலி கேட்டு வெளியே வந்தோம். திரையை எட்டிப் பார்த்தோம். முகமூடியும் மேலங்கியும் அணிந்த சித்திரமனிதர் ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அவர் எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தொங்கியது. அப்பெட்டிக்குள் உண்மையான மனிதர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்வளவுதான். ஒரு சொல்லும் இல்லை. அருகே வெட்டுக்கிளி போன்ற ஓர் உயிர் ஏளனமாக விழித்தது. மகனோ கண்ணீர் வரச் சிரித்தான்.

"இதிலே என்ன பகிடி இருக்கு?" என்றோம்.

"தெரியாது அப்பா. ஆனா சிரிப்பு வருது" என்றான்.

காரணம் கூறாமல் முடிவை மட்டும் கூறும் விடையை அளவையியல் ஆசிரியர் ஏற்பதெப்படி? ஆகவே அந்த நிகழ்ச்சியின் வரலாற்றைத் தேடி அறிந்துகொள்ள முற்பட்டோம்.

அதன் பெயரிலேயே முதற் குழப்பம் இருந்தது. 'ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்திலே முதலாவது 'கோஸ்ட்' ஆவியைக் குறிக்கும். மற்றைய இரண்டும் கடற்கரையைக் குறிக்கும். எமது எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஆவிக்கும் கரைக்கும் வேற்றுமை தெரியாத அந்தப் பெயரை மகனின் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்திலே கண்டபோது, ஏதோ மந்திரம் எழுதியிருக்கிறான் என்றே நாம் எண்ணினோம்.

இந்த ஆகாய ஆவி முதலில் ஒரு வீரர். 1966இல் அமெரிக்காவின் ஹனா-பார்பேரா நிறுவனம் சிறுவர்க்காகத் தயாரித்த சித்திரத் தொடரிலே தோன்றியவர். அலெக்ஸ் டோத் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அவருக்கு உருவம் கொடுத்தார். மணிக்கட்டிலே அணிந்த பட்டைகளால் ஒளிக்கதிர்களைப் பாய்ச்சி, அண்டவெளித் தீயோரை அடக்குவதே அவர் தொழில். காலம் சென்றது. தொடர் பழங்கதையாயிற்று. பின்னர் 1994 ஏப்ரல் 15ஆந் திகதி, கார்ட்டூன் நெட்வேர்க் என்னும் அலைவரிசையிலே அதே வீரர் மீண்டும் வந்தார். இம்முறை அவர் போர் புரியவில்லை. பிரமுகர்களைப் பேட்டி காணும் மேசையிலே அமர்ந்தார். மைக் லாஸோ என்பவரின் எண்ணத்தில் உருவான ஏற்பாடு இது. முன்பு அவர் சிறைப்பிடித்த பகைவர்களே இப்போது அவருக்கு ஊழியர்கள். பூச்சியினத்தைச் சேர்ந்த ஸோராக் வாத்தியக் குழுவின் தலைவன். எரிகுழம்பு மனிதனான மோல்டார் நிகழ்ச்சியை இயக்குபவன். இருவரும் தலைவரை வெறுப்பவர்கள். வெறுத்துக்கொண்டே வேலை செய்வார்கள். அலுவலகங்களிலே பணிபுரியும் வாசகர்களுக்கு இந்த நிலைமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

புதிதாகச் சித்திரம் வரையப் பணம் போதாது. ஆகவே 1966ஆம் ஆண்டின் பழைய படங்களையே வெட்டி ஒட்டினார்கள். அதனாலேதான் வீரர் அசையாமல் வெறித்துப் பார்க்கிறார். அந்த வறுமையே ஒரு புதிய நகைச்சுவைக்கு வித்தாயிற்று. அதனினும் வியப்பானது பேட்டிகளை அமைத்த முறை. விருந்தினராக வந்தவர்கள் உண்மையான பாடகர்கள், நடிகர்கள், எழுத்தாளர்கள். அவர்களிடம் வேறொருவர் கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒளிப்பதிவு செய்துகொள்வார். பின்னர் அந்தக் கேள்விகளை நீக்கிவிட்டு, விடைகளுக்கு முன்னால் வேறு கேள்விகளை வைத்து, வீரரின் வாயால் கேட்கச் செய்வார்கள். ஒருவர் தம் இசையைப் பற்றிக் கூறிய விடைக்கு முன்னால், "உமக்கு என்ன மந்திர சக்தி உண்டு?" என்ற வகையிலே ஒரு கேள்வியை வைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடை மாறவில்லை. வினா மாறியது. விடை கூறியவர் ஒரே கணத்தில் பித்தராகவோ ஞானியாகவோ ஆகிவிடுகிறார்.

நிற்க. இந்நிகழ்ச்சியைக் கண்டோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே எமது சிந்தனையை மிகவும் ஈர்த்தது. சிறுவர் சித்திரம் என்றெண்ணிப் பார்த்துக் குழம்பியோர் உண்டு. பாதியிலே நிறுத்திவிட்டு, "பைத்தியக்காரத்தனம்" என்று எழுந்து போனோர் உண்டு. அதனையே நெஞ்சிலேற்றிக் கொண்டாடுவோரும் உண்டு. ஒரு பாகத்திலே கோனன் ஓபிரையன் என்னும் புகழ்பெற்ற பேட்டியாளரே விருந்தினராக வந்தார். வீரரோ விருந்தினரை விட்டுவிட்டு, தம்மைக் கடித்த ஓர் எறும்பின் பின்னே செல்கிறார். எறும்பு ஊர்கிறது. அவர் தொடர்கிறார். நிமிடங்கள் கழிகின்றன. வேறொன்றும் நிகழ்வதில்லை. அதைக் கண்டு வெகுண்டவர்களும் உளர். அதுவே சிகரம் என்று சாதிப்பவர்களும் உளர். இந்த நிகழ்ச்சியின் வழி வந்தவர்களே 2001இல் 'அடல்ட் சுவிம்' என்னும் வளர்ந்தோர்க்கான இரவு நேர ஒளிபரப்பைத் தொடங்கினர். ஸோராக்குக்கும் மோல்டாருக்கும் குரல் கொடுத்த மார்ட்டின் குரோக்கர் 2016இல் காலமானார். வீரரின் குரலாக விளங்கிய ஜோர்ஜ் லோ 2025 மார்ச்சிலே காலமானார். அவருடைய மறைவை எம் மகன் உணவு வேளையிலே எமக்கு அறிவித்தான். சொந்தத்தில் ஒருவர் போனதைச் சொல்லும் குரலிலே சொன்னான். பார்த்தறியாத ஒரு மனிதருக்காக, பிறக்குமுன்னே தொடங்கிய ஒரு நிகழ்ச்சிக்காக, திருகோணமலையிலே ஒரு பையன் அன்று இரண்டாவது முறை சோறு வாங்காமல் எழுந்தான்.

கல்லூரியிலே இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினோம். போலிகளைப் பற்றிய பாடம் முடிந்த ஒரு நாளில், கேட்டதற்குத் தொடர்பில்லாததை விடையாகக் கூறும் போலிக்கு உதாரணமாக ஒரு சிறு துண்டை மாணவர்க்குக் காட்டினோம். மூவர் வாய்விட்டுச் சிரித்தனர். இருவர் முகத்தைச் சுளித்தனர். எஞ்சியோர் திரையைப் பார்க்கவில்லை. எமது முகத்தைப் பார்த்தனர். சிரிக்கலாமா கூடாதா என்பதை ஆசிரியரின் முகத்திலே படித்தறிய முயன்றனர். இக்காட்சி எம்மை வருத்தியது. சிரிப்புக்கும் அனுமதி கேட்கும் பிள்ளைகளை நாம்தாமோ உருவாக்கி வருகிறோம் என்ற ஐயம் அன்று முழுதும் எம்மை விடவில்லை. ஆயினும் அன்று மாலை வீட்டுக்கு வந்தவுடன் மகனிடம், "இந்த வீணான விளையாட்டை நிறுத்து. மூளை குழம்பிவிடும்" என்றே கூறினோம். மனிதர் தம் ஐயத்தைத் தாமே அடக்குவதற்குப் பிறரை அதட்டுவது வழக்கமன்றோ?

அப்பொழுது சாய்மனைக் கதிரையிலிருந்து எம் தந்தையாரின் குரல் வந்தது. "மகுடியார் என்ன சொல்லுறார்?" என்றார்.

அவர் எதனைக் கேட்கிறார் என்பது மகனுக்கு விளங்கவில்லை. எமக்கு விளங்கியது.

எம் தந்தையார் துறைமுகத்திலே எழுதுவினைஞராக இருந்தவர். கப்பல்களின் பெயர்கள், வந்த நாள், இறக்கிய சரக்கு, புறப்பட்ட நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டிலே முத்துப் போன்ற எழுத்தில் எழுதியவர். அவருடைய இளமைக்கால இன்பம் 'சிரித்திரன்' சஞ்சிகை. கரவெட்டியிற் பிறந்து, பம்பாயிலே கட்டடக் கலை கற்று, கேலிச்சித்திரக்காரராகத் திரும்பிவந்த சிவஞானசுந்தரம் அவர்கள், 'சுந்தர்' என்னும் பெயரோடு 1960களில் தொடங்கி நடத்திய ஏடு அது. செய்யும் தொழிலைத் தெய்வமாகவும் சிரிப்பைச் சீவியமாகவும் கொள்வதே அதன் குறிக்கோள். சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மெயில்வாகனத்தார், மிஸிஸ் டாமோடிரன் முதலிய சித்திரமனிதர்கள் அவருடைய தூரிகையிலே பிறந்து ஈழத்து வீடுகளில் உறவினர் போல் உலாவினர். அந்த ஏட்டிலே வாசகர் கேட்கும் வினாக்களுக்கு விடையளிப்பவர் மகுடியார். வினாவைச் சற்றே திருப்பிப் பிடித்து, கேட்டவரையே சிந்திக்க வைப்பது அவர் வழி. மகுடியார் என்று ஒருவர் உண்மையில் இல்லை என்பதை யாவரும் அறிவர். அறிந்தும் அவருக்கு வினா எழுதினர். எம் தந்தையாரும் ஒரு முறை எழுதியதாகக் கூறுவார். என்ன கேட்டார் என்பதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்.

வானொலியிலும் இத்தகைய அன்பு இருந்தது. 1970களில் இலங்கை வானொலியிலே 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடர் ஒலித்தது. அதன் வெற்றியால் 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமும் வந்தது. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்போர் அதிலே வருவர். முஸ்லிம் மக்களின் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத்துப் பேச்சு, அந்தணர் பேச்சு என்று நான்கு தமிழும் ஒரே இடத்திலே மோதிக்கொள்ளும். கேட்டோர் அந்நடிகர்களுக்குச் செய்த மரியாதை என்ன தெரியுமா? அவர்களுடைய பெயர்களையே மாற்றிவிட்டார்கள். ராமதாஸ் மரிக்கார் ராமதாஸ் ஆனார். செல்வசேகரன் உபாலி செல்வசேகரன் ஆனார். ராஜகோபால் அப்புக்குட்டி ராஜகோபால் ஆனார். பெற்றோர் வைத்த பெயருக்கு முன்னே மக்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. இரசிகரின் அன்புக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? எம் தந்தையார் பணிபுரிந்த அலுவலகத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்தனர். தேநீர் வேளையிலே அவர்களும் ஒருவரையொருவர் அப்பெயர்களாலேயே அழைத்துக் கொண்டார்களாம். பிற்காலத்திலே அந்தத் தேநீர் மேசை என்ன ஆயிற்று என்பதை இந்நாட்டிலே வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் நாம் வீட்டைவிட்டு வெளியேறினோம். திரும்பி வந்தபோது தந்தையார் கட்டி வைத்திருந்த சிரித்திரன் இதழ்கள் இருக்கவில்லை. அவர் அதைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. வெறுமையான அலுமாரியைத் துடைத்து, அதிலே எமது பாடப்புத்தகங்களை அடுக்கினார்.

இன்னும் பின்னோக்கிப் பார்ப்பின், கேள்வியைக் கோணலாக்கி விடை பெறும் கலை எமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலே அரசன் திரைக்குப் பின்னால் நின்று முழங்குவான். கட்டியக்காரன் அவனை, "நீ யார்? எந்த ஊர்? என்ன வேலை?" என்று கேட்பான். அரசன் கூறும் பெருமைகளையெல்லாம் வேறு பொருளிலே விளங்கிக்கொள்வான். மகாராசன் ஒருவன் முழு அலங்காரத்தோடு ஒரு கோமாளிக்கு விடை சொல்லித் தவிக்கும் அக்காட்சியைக் கண்டு விடிய விடியச் சிரித்த மக்கள், அமெரிக்கச் சித்திரமனிதரைக் கண்டால் இவர் எம்மவர் என்று இனங்கண்டுகொள்வர். வெளிநாட்டுப் பைத்தியம் என்று நாம் ஒதுக்கியது ஒருவகையிலே எமது பழஞ்சொத்து.

இவ்வளவையும் நாம் அறிந்திருந்தும், அறியாத ஒன்று எமது வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. அதைக் கூறுவதற்குச் சிறிது கூசுகிறது. ஆயினும் கூறாவிடின் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

எம் தந்தையாருக்கு நினைவு தளர்ந்து வருகிறது. முதலிலே மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பின்பு நாள் மறந்தது. பின்னர் கேட்கும் கேள்விக்கும் கூறும் விடைக்கும் இடையே இருந்த பாலம் மெல்ல மெல்ல உடைந்தது. "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்டால், "கோதுமைக் கப்பல் இன்னும் வெளியிலேதான் நிற்குது" என்பார். "மருந்து குடிச்சீங்களா?" என்றால், "பதிவேட்டிலே கையெழுத்து வைக்க வேணும்" என்பார். நாம் என்ன செய்தோம்? சந்தையிலே செய்ததையே செய்தோம். "அப்பா, கேட்டது அதுவன்று" என்றோம். ஒரு முறை அன்று, பல முறை. திருத்தினால் நினைவு திரும்பும் என்று எண்ணினோம் என்பது எமது வாதம். அந்த வாதத்திலே ஒரு போலி இருந்ததை நாம் காணவில்லை. திருத்தத் திருத்த அவர் பேச்சுக் குறைந்தது. தவறிப்போகுமோ என்ற அச்சத்தினாலே வாய் திறக்காத ஒரு மாணவனைப் போல, எமக்கு எழுத்தறிவித்த மனிதர் எமது முன்னிலையிலே மௌனமானார்.

மௌனமாக இருந்தது எமது முன்னிலையிலே மட்டும் என்பதைப் பின்னரே கண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது விறாந்தையிலே பேச்சொலி கேட்டது. படியிலேயே நின்றோம்.

"அப்பப்பா, தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்டான் மகன்.

"கோதுமைக் கப்பல் வெளியிலே நிற்குது" என்றார் தந்தையார்.

நாமாயின் திருத்தியிருப்போம். அவனோ ஒரு கணம் அந்தச் சித்திரமனிதரைப் போலவே அசையாமல் பார்த்தான். பிறகு, "ஓ! ஏன் அப்பப்பா உள்ளே விடேல்லை?" என்றான்.

கிழவரின் முகத்திலே ஒளி வந்தது. "இடம் இல்லை. முன்னுக்கு ரெண்டு நிற்குதே. மேட்டர் வந்து பார்த்தால் என்னைத்தான் ஏசுவார்" என்றார். தொடர்ந்து பத்து நிமிடம் பேசினார். கப்பல்கள் ஒவ்வொன்றாக எம் விறாந்தைக்குள் வந்து நங்கூரமிட்டன. சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை வந்த கதை, மழையிலே நனைந்த மூட்டைகளைப் பற்றிய வழக்கு, தேநீர் மேசையிலே உபாலி என்று அழைக்கப்பட்ட நண்பர் கடைசியாகக் கைகொடுத்துச் சென்ற நாள் என்று நாம் ஒருபோதும் கேட்டறியாதவை பல வெளிவந்தன. நடுவிலே மகன் தேநீரையும் கொண்டு வந்து கையிலே கொடுத்துவிட்டான். அவர் அதையும் குடித்துவிட்டார்.

பின்னர் அவனைத் தனியே அழைத்து, இதை எங்கே கற்றாய் என்று வினவினோம். அவன் வெட்கப்பட்டான். "அந்த நிகழ்ச்சியிலே செய்யிற மாதிரித்தான் அப்பா. அப்பப்பாவின்ர விடை சரிதானே. கேள்விதான் பிழை. அதனாலே கேள்வியை மாத்திப் போட்டன்" என்றான்.

விடை சரி, கேள்விதான் பிழை என்னும் இக்கூற்றை இருபது ஆண்டுகளில் எந்த நூலிலும் நாம் படித்ததில்லை.

இங்கே வாசகர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். வினாவை மாற்றுவது எக்காலத்திலும் நல்லதென்று நாம் கூற வரவில்லை. ஒருவர் கூறிய விடையை வெட்டி எடுத்து, அவர் கேளாத வினாவோடு ஒட்டி ஊரெங்கும் பரப்பும் காலம் இது. அவ்வாறு ஒருவருடைய பெயர் ஒரே இரவிலே கெட்டுப்போவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த அமெரிக்க நிகழ்ச்சியிலே பார்ப்போர் யாவரும் இது பகிடி என்று அறிவர். முகமூடியணிந்த ஆகாய வீரர் உண்மையாகப் பேட்டி காண்கிறார் என்று எவரும் நம்பப் போவதில்லை. அந்தப் பகிரங்கமே அதன் நேர்மை. மறைத்துச் செய்யப்படுவது பகிடியன்று, பொய்ச்சாட்சி. இதனை மாணவர்க்கு வற்புறுத்திச் சொல்வதிலே எமது அளவையியலுக்கு இன்னும் வேலையுண்டு. செயல் ஒன்றேயாயினும், ஒருவரை அவமதிப்பதற்காகச் செய்வதும், ஒருவரைப் பேச வைப்பதற்காகச் செய்வதும் ஒன்றாகிவிடா.

பகிடியைப் பார்த்துச் சிரிப்போரைப் பற்றியும் எமது எண்ணம் சிறிது மாறியுள்ளது. பொருளற்றதைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை அறிவு குறைந்தவன் என்று நாம் கருதினோம். அவன் உண்மையிலே பழகிக்கொண்டது பொறுமையை. விடை வரும்வரை வெறுமையைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை. எறும்பின் பின்னே எத்தனை நிமிடமும் செல்லும் பொறுமை. எமக்கு அது இல்லை. விடை உடனே வரவேண்டும், அதுவும் சரியாக வரவேண்டும் என்று பழகியவர் நாம். முதியவர் ஒருவரின் அருகே இருப்பதற்கு வேண்டிய தகுதிகளுள் இப்பொறுமை முதன்மையானது என்பதை, பரீட்சைப் பெறுபேறு வருமுன்னரே எம் மகன் எழுதிக் காட்டிவிட்டான்.

அண்மையிலே அவன் இன்னொன்றும் செய்தான். ஈழத்துப் பழைய ஏடுகளை எண்ணிம வடிவிலே பேணிவரும் 'நூலகம்' நிறுவனத்தின் சேகரிப்பிலே சிரித்திரன் இதழ்களைக் கண்டுபிடித்து, அப்பப்பாவின் மடியிலே வைத்தான். தாத்தாவும் பேரனும் அடுத்தடுத்து இருந்து, ஒருவர் சவாரித்தம்பரையும் மற்றவர் ஆகாய ஆவியையும் மாறி மாறிக் காட்டிக்கொள்வதை நாம் சன்னல் வழியே காண்கிறோம். "இவர் ஆர், கப்பல் கப்டனோ?" என்று கேட்டார் தந்தையார், முகமூடிக்காரரைச் சுட்டிக்காட்டி. "ஓம் அப்பப்பா, ஆகாயக் கப்பல்" என்றான் பேரன். "அப்படியென்றால் ஆளுக்கு இங்கே நங்கூரம் போட இடமில்லை" என்று தீர்ப்பளித்தார்.

கடந்த வாரம் ஒரு மாலை மகன் வெளியே சென்றிருந்தான். விறாந்தையிலே நாமும் தந்தையாரும் மட்டும் இருந்தோம். வீதியிலே இரண்டு மான்கள் வழக்கம்போல வேலியோரம் மேய்ந்துகொண்டு போயின. அவருடைய கால் வீங்கியிருப்பதைக் கண்டு, "கால் நோகுதா அப்பா?" என்றோம்.

அவர் துறைமுகத்து நீரைப் பார்த்தபடி, "மூதூர் லோஞ்ச் போட்டுது" என்றார்.

அவர் கூறிய காலத்திலே மூதூருக்குப் போவதற்குக் கடல்வழியே பெருவழி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின்னர் ஏனைய பாலங்களும் அமைந்தபின் அந்தப் பயணம் தரையிலே எளிதாயிற்று. 'கேட்டது அதுவன்று' என்னும் சொற்கள் எமது நாவின் நுனிக்கு வந்துவிட்டன. இருபது ஆண்டுப் பழக்கம் இலகுவில் விடுமா? பல்லைக் கடித்து அவற்றை விழுங்கினோம். என்ன கேட்பது என்று தெரியவில்லை. சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சித்திர நிகழ்ச்சியைப் போலவே இருந்தது. பிறகு கேட்டோம்:

"லோஞ்ச் போனால் இனி எப்படி அப்பா வீட்டுக்குப் போறது?"

அவர் திரும்பி எம்மைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பின்னர், ஒரு சிறு பையனைப் பார்ப்பது போல எம்மைப் பார்த்தார்.

"பயப்பிடாதை. விடியக் காலமை வரும். அதுவரைக்கும் நான் இருக்கிறன்தானே" என்றார்.